ஏழு வீட்டுத் துணி

மேலே வைக்க வேண்டாம் அம்மணி, பை மடியிலேயே இருக்கட்டும். பெரிதாகத் தெரிகிறதே தவிர கனமே இல்லை. தூக்கிப் பாருங்கள். பார்த்தீர்களா? எல்லாம் துணி. பழந்துணி. கொஞ்சம் இலவம் பஞ்சு. அடியில் ஒரு பொட்டலம் கடுகு இருக்கிறது, இருக்கிற கனமும் அதுதான். கரூரில் ஏறும்போதே கண்டக்டர் கேட்டுவிட்டார், "ஏனுங்கம்மா, அமராவதில தண்ணி இல்லீன்னு துணி தொவைக்க வெளியூர் போறீங்களா?" என்று. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது.

நீங்கள் வெள்ளகோவிலில்தானே ஏறினீர்கள்? சிங்காநல்லூர் வரைக்குமா? நல்லது. நான் சூலூர். என் மகள் வீடு. ஒரே மகள், தாரணி என்று பெயர். நான் வருவது அவளுக்குத் தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பாள். நேரில் போய் நின்றால் பெற்றவளை வாசலோடு அனுப்பிவிடுவாளா? மாட்டாள். உட்காரச் சொல்வாள். உட்கார்ந்துவிட்டேன் என்றால் பேசிவிடுவேன்.

என்ன பேசப் போகிறேன் என்றால்... இருங்கள், இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறேன், தை மாதத்துக் காற்று காதில் ஊசியாக இறங்குகிறது. அவளுக்கு மூன்று தடவை உண்டாகி மூன்று தடவையும் தங்கவில்லை. மூன்றும் பாதியில். போன சித்திரையில், இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோயிற்று. இன்னொரு தடவை மனசு வையம்மா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இந்தப் பையைப் பிரித்துக் காட்ட வேண்டும். எல்லாம் தயாராக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் மனசு மாறாதா? எனக்கு மாறும். அவள் என் மகள்தானே.

துணி சேர்க்கிற பழக்கம் அவளால் வந்தது என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே உண்டு. நான் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி மனையியல் படித்தவள். தையல் பரீட்சைக்கு மற்றப் பெண்கள் கடையில் போய் நூல்கண்டும் துணியும் வாங்கி வருவார்கள். நான் டவுன்ஹால் பக்கம் தையல்காரர்கள் காலடியில் விழுகிற துண்டுகளைக் கேட்டு வாங்கி வருவேன். அறையில் என் கட்டிலுக்குக் கீழே மூன்று டிரங்குப் பெட்டி. ஒன்றில்தான் என் உடுப்பு.

இப்போது கரூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. மேஜை விரிப்பு, திரைச்சீலை எல்லாம் தைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். சனிக்கிழமை மத்தியானம் கட்டிங் வேஸ்ட்டைப் பின்பக்கம் கொட்டுவார்கள். ஆள் உயரத்துக்குக் குவியல். வேஸ்ட் எடுக்கிற வண்டி வருவதற்குள் நான் போய்விடுவேன். அங்கே பெருக்குகிற ராமாயி எனக்கு ஒரு சாக்கை விரித்துப் போடுவாள். "வந்துட்டீங்களா டீச்சர்" என்பாள். நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் எல்லாம் அவளுக்கு டீச்சர்.

அந்தக் குவியலில் கையை விடுவது இருக்கிறதே அம்மணி, அதை எப்படிச் சொல்வேன். மேலே வெயில் பட்டுச் சூடாக இருக்கும். உள்ளே போகப் போகக் குளிர்ச்சி. கண்ணால் தேடக் கூடாது. கண் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கும். விரல்தான் நல்ல துண்டாகப் பார்க்கும். துவைக்கத் துவைக்க இளகுகிற பருத்தி எது, துவைக்கத் துவைக்க விறைத்துக்கொள்கிற பருத்தி எது என்று விரலுக்கு முதல் தொடுதலிலேயே தெரிந்துவிடும். ஒரு நாள் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தது. அப்படி ஒரு நிறம். அதற்கு ஜோடியாக ஒரு பச்சை வேண்டும் என்று எங்கெங்கோ அலைந்தேன். வாழைக்குருத்துப் பச்சை. தெப்பக்குளத்துப் பச்சை ஆகாது. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் வீட்டுக்காரர் லுங்கியில். கட்டியிருந்த லுங்கியில். "ஏ புள்ளே, நான் உசுரோட இருக்கறப்பவே உருவறயா?" என்றார். ஆனாலும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அவருக்கு என் அறை பழைய துணிக்கடை. "இன்னிக்குக் கடை எப்பத் தொறக்கறீங்க?" என்று காலையில் காப்பி குடித்துக்கொண்டே கேட்பார்.

என்ன கேட்டீர்கள்? அந்த இரண்டையும் வைத்து என்ன தைத்தேன் என்றா? எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

இன்னும் தைக்கவில்லை. தைக்கலாம். ஆனால் பாருங்கள், தைத்துவிட்டால் அந்தத் துணி ஏதோ ஒன்றாக ஆகி முடிந்துவிடும். தலையணை உறை என்றால் தலையணை உறைதான். தைக்காமல் கையில் வைத்திருக்கிற வரைக்கும் அது எதுவாகவும் ஆகலாம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் நான் அந்தத் துண்டுகளை மனசுக்குள்ளேயே மாற்றி மாற்றி அடுக்கிப் பார்ப்பேன். கத்திரிப்பூவுக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் சந்தனம். அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

காங்கேயமா இது? இங்கே கொஞ்சம் நிற்பான். டீ வேண்டுமா? வேண்டாமா, சரி.

தாரணிக்குக் கல்யாணமான மறு வருஷமே முழுகாமல் இருந்தாள். அப்போதுதான் என் கைக்கு ஒரு வேலை வந்தது. அதுவரைக்கும் கண்டதையும் சேர்த்தேன். அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்காகச் சேர்த்தேன். இலவம் பஞ்சை மில்லில் வாங்கலாம். நான் மாட்டேன். ஆற்றுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இலவமரம் இருக்கிறது. காய் வெடிக்கிற சமயத்தில் நானே போய்ப் பொறுக்கி வந்து, கொட்டை நீக்கி, காற்றுப் புகாமல் கட்டி வைத்தேன். மூக்கெல்லாம் பஞ்சு. கடுகுத் தலையணை உங்கள் பக்கம் உண்டுதானே? பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகு அடைத்து வைப்போமே, அதுதான். பாக்கெட் கடுகில் உடைசல் இருக்கும், குழந்தைக்கு உறுத்தும். மண்டியில் வாங்கி வந்து ஒரு தாம்பாளத்தில் போட்டுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உருண்டைக் கடுகெல்லாம் ஓடி வந்துவிடும். சப்பையும் உடைசலும் அங்கேயே நின்றுவிடும். அந்தச் சத்தம் ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். சலித்து முடிந்த பிறகும் சத்தத்துக்காகவே இன்னும் இரண்டு தடவை ஓடவிட்டேன்.

சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, வந்து பார்த்தார். "பொறக்கறதுக்கு முன்னாடி சேர்த்து வெக்கலாமுங்களா? எங்க பக்கம் ஒரு ஊக்குகூட வாங்க மாட்டோமுங்க" என்றார். எனக்குத் தெரியாதா அது? நான் குழந்தைக்கு என்று எதையும் வாங்கவில்லையே. ஒரு தையல்கூடப் போடவில்லையே. ஊசி ஏறினால்தானே அது குழந்தைத் துணி? அதுவரைக்கும் வெறும் துணி. கடுகு வெறும் கடுகு. தாளித்துக்கூடக் கொட்டலாம். இதில் எந்தச் சாஸ்திரம் வந்து என்ன குற்றம் பிடிக்க முடியும்? அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அது தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. உங்க அம்மா மூட்டை கட்டி வெச்சதுதான் என்று சம்பந்தியம்மா தாரணியிடம் சொன்னாராம். எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டுக்காரர்கள், பிள்ளை தங்கிய ஏழு வீட்டில் போய்ப் பழந்துணி கேட்டு வாங்கி வருவார்கள். பிறந்ததும் அந்தத் துணியில்தான் முதலில் கிடத்துவது. யார் வீட்டுப் பிள்ளையோ என்று எமன் பார்த்துவிட்டுப் போய்விடுவானாம். நான் படித்தவள். நம்புகிறாயா என்றால், நம்பவில்லை. ஆனால் துணி கேட்டு வாங்குவதில் என்ன கெட்டுவிடும்?

எதிர்வீட்டுப் பாப்பாத்தியிடம்தான் முதலில் போனேன். நான்கு பையன்கள், நான்கும் கல்தூண் மாதிரி. அவள் மாமனார் கட்டிய வேட்டி ஒன்று கொடுத்தாள். துவைத்துத் துவைத்து வெண்ணெயாக ஆகியிருந்தது. மெஸ் நடத்துகிற சகுந்தலா ஒரு சின்னாளப்பட்டிச் சேலை, நாலாக மடித்தாலும் விரல் தெரியும். நசீமா அவள் மகளுடைய வெள்ளைத் தாவணி கொடுத்தாள், ஓரத்தில் இத்தனூண்டு பின்னல் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் பீரோவைத் திறக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள். ஒரு வீட்டில் ரச கற்பூரம், ஒரு வீட்டில் வேப்பிலை, நசீமா வீட்டில் அத்தர். வீட்டுக்கு வந்தும் துவைக்காமல் அந்த வாசனையோடேயே வைத்திருந்தேன்.

எதற்கு என்று கேட்பார்கள்தானே? சொல்லாமல் வாங்கினால், பழந்துணி போட்டுப் பாத்திரம் எடுக்கப் போகிறாள் என்று நினைப்பார்கள். உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வர முடியுமா? ஆதியோடந்தமாகச் சொல்லுவேன். எந்த மாதம் எப்படி ஆயிற்று, எந்த டாக்டர் என்ன சொன்னார், ஸ்கேனில் என்ன எழுதியிருந்தது, எல்லாம். சகுந்தலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதேவிட்டாள். என் மகளுக்காக அழ இன்னொருத்தி. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஏழு வீட்டோடு நான் நிறுத்தவில்லை. நல்ல துணியாகக் கிடைக்கிறபோது எதற்கு நிறுத்துவது?

அவர்களும் சும்மா இருக்கவில்லை, பாவம். தாரணியின் நம்பரை என்னிடம் வாங்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாப்பாத்தி ஒரு கஷாயம் சொன்னாள். சகுந்தலா ஒரு கோயில் சொன்னாள். நசீமாவின் மாமியார் எப்படிப் படுக்க வேண்டும் என்று சொன்னார். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்த மாதிரி அக்கறை?

மூன்றாவது தடவை உண்டானபோது தாரணி போனில் சொன்னாள். "அம்மா, யாருக்கும் சொல்லாதே. நாள் போகட்டும்" என்றாள். நான் யாருக்கும் சொல்லவில்லை. துணி கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். அவர்களுக்கும் சொல்லாமல் இருந்தால் நியாயமா?

பங்குனியில் அதுவும் போயிற்று. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு. கொடுமை.

சித்திரையில் என்னிடம் வந்து படுத்திருந்தாள். ஒரு மத்தியானம் எழுந்து அந்த அறைக்கு வந்தாள். துணிகளை எல்லாம் நான் கட்டிலின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தேன், வெள்ளையில் ஆரம்பித்து, சந்தனம், மஞ்சள், இளநீலம் என்று. பார்ப்பதற்கு விடிகிற மாதிரி இருக்கும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சரி, இவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

"இது யாரு வீட்டுது?"

"பாப்பாத்தி வீட்டுது கண்ணு. அவ மாமனார் வேட்டி."

"இது?"

"நசீமா. அந்தப் பின்னலைப் பாரேன்."

"இது? இது? இது?"

சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசித் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தன பேருக்கும் தெரியும்" என்றாள்.

"தெரியாம எப்படிக் குடுப்பாங்க?"

"அம்மா, நீ கூட இருந்தியே, ஆஸ்பத்திரில எனக்கு என்ன ஆச்சுன்னு உம் மாப்பிள்ளைகிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. மறுநாள்தான் சொன்னேன். அதுக்குள்ள மெஸ்ஸுல இட்லி வாங்க வந்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு."

"அக்கறைலதானே கண்ணு கேக்கறாங்க."

"நான் அழுகறதுக்குக்கூட ஒரு எடம் மிச்சம் வெக்கலியே நீ."

அப்படிச் சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? பிள்ளையே வேண்டாம் என்று நாமே சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? அதனால் கொடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பரணில் போட்டேன். மறுநாள் காலையில் பல் துலக்கியவள் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குத் துணியின் மேல்தான் கோபம். என் மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

அதற்கப்புறம் எல்லாம் போனில்தான். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன், ஆனால் அவள் உடம்பை நினைத்தால் கவலையாக இருக்கிறது. எந்நேரமும் படுத்துக்கொண்டே பேசுகிறாள். இடுப்பு வலியாம். வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாள். முகமும் கொஞ்சம் ஊதியிருக்கிறது. ஆவணியில் மாடி வீட்டை விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக்குக் குடி மாறிவிட்டார்கள். ஏன் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "படி ஏற முடியலீங்க அத்தை" என்றார். முப்பத்தைந்து வயசுதான் அம்மணி அவருக்கு. முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொன்னேன். "சரிங்க அத்தை, தேய்க்கிறேன்" என்றார். மரியாதையான பையன்.

நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் சின்ன வயசிலிருந்தே மூக்கைப் பொத்திக்கொள்வாள். இப்போது பாட்டில் பாட்டிலாகப் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறார், மாப்பிள்ளை ஸ்டாப்பில் வந்து வாங்கிக்கொள்கிறார். வாய்க்கசப்பு போலிருக்கிறது. சம்பந்தியம்மா வேறு புரட்டாசியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். சமையல், பாத்திரம் எல்லாம் அவர்தானாம். அந்த அம்மா என் மகளுக்குச் செய்கிறார் என்றால் நம்ப முடிகிறதா? என்னிடம்கூடப் போனில், "நல்லா இருக்கீங்களா சம்பந்தி" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். பயமாக இருந்தது. தீபாவளிக்கு வா என்றேன், ரோடு குலுங்கும் என்றாள். பொங்கலுக்கு வா என்றேன், ரோடு குலுங்கும் என்றாள். இதே ரோடுதான். இப்போது நாம் வரவில்லையா? குலுங்குகிறதா?

எங்கள் வீட்டுக்காரர் போக்கும் சரியில்லை. மத்தியானத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்று போன் பேசுகிறார். யார் என்றால், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள் என்கிறார். லோன் கொடுக்கிற பெண்ணிடம், "சாப்டியா கண்ணு" என்று கேட்பார்களா? நேற்று இந்தத் துணிகளைப் பரணிலிருந்து இறக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போகாதே. அவளாக் கூப்பிடட்டும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏணியைப் பார்த்துச் சொன்னார்.

என்ன அம்மணி, இப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன?

இல்லை. இருக்காது.

முழுகாமல் இருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாளா? தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், தலை நிறையப் பூ வைத்து, கூட்டிக்கொண்டு வர வேண்டியவள் நான்தானே? நான் இல்லாமல் யார் செய்வார்கள் அதை? நீங்கள் யாரோ எவரோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர். உங்களுக்கு எப்படித் தெரியும்?

பல்லடம் தாண்டிவிட்டோமா.

படி ஏற முடியாதது மாப்பிள்ளைக்கு இல்லை.

இல்லைதான். அவர் தினம் காலையில் பந்து விளையாடப் போகிறவர்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. பாட்டிலைத் துணியில் சுற்றிச் சுற்றி, உடையாமல் போகணும் என்று எத்தனை பதமாகக் கட்டுவார். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். சம்பந்தியம்மாவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து...

இல்லை, தண்ணீர் வேண்டாம். ஒன்றுமில்லை எனக்கு. சந்தோஷம்தான். இது சந்தோஷம்தானே? ஆவணியிலேயே குடி மாறினார்கள் என்றால்... விரல்விட்டு எண்ணக் கூடாது. எண்ணமாட்டேன். இத்தனை நாள் தங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்ததால்தான் தங்கியிருக்கிறது என்று அவள் நினைக்கிறாள், அப்படித்தானே? நீங்கள் சும்மா தலையை ஆட்ட வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்னிடம் சொல்லுவீர்களா?

சொல்லமாட்டீர்கள்.

சரி.

இப்போது நான் இந்தப் பையோடு போய் அவள் வாசலில் நின்றால் என்ன ஆகும்? கதவைத் திறப்பாள். முதலில் என்னைப் பார்ப்பாளா, பையைப் பார்ப்பாளா? பார்த்ததும் கை தன்னால் வயிற்றுக்குப் போகும். என்னிடமிருந்து மறைக்கத்தான் போகும். அதை நான் பார்க்க வேண்டுமா அம்மணி?

பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை. தூரத்திலிருந்தாவது.

நீங்கள் இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளகோவிலில் உங்கள் வீடு எங்கே? எண்ணெய் மில் பக்கமா? ஐயோ, பாப்பாத்தியின் நாத்தனார் அங்கேதான் இருக்கிறாள். பூவாத்தாள் என்று பெயர். மாடு வைத்திருப்பாள். தெரியுமா? தெரியும் என்கிறீர்களே! அவள் வீட்டில்தான் பால் வாங்குகிறீர்களா? கடவுளே. அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். கரூரிலிருந்து ஒரு பொம்பளை வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை, வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தாள் என்று சொல்லுங்கள். அதைக்கூடச் சொல்ல வேண்டாம்.

போன் அடிக்கிறது. என்னுடையதுதான். தாரணி. பேசாமல் இருங்கள் அம்மணி, அவளுக்கு யார் குரலும் கேட்க வேண்டாம்.

"சொல்லு கண்ணு... ஆமா, பஸ்ஸுலதான் இருக்கறேன்... சூலூருக்கா? யாரு சொன்னது? உங்கப்பாவா? அவருக்கென்ன தெரியும், தூக்கக் கலக்கத்துல என்னமோ சொல்லியிருப்பாரு... தாராபுரம் போறேன் சாமி. கூடப் படிச்சவ பேத்திக்குச் சீரு... உனக்குத் தெரியாது அவளை... பையா? பையில என்ன இருக்கப் போவுது. ஒரு மாத்துச் சேலை... இல்ல, ஒண்ணும் சேர்க்கலை. அதெல்லாம் விட்டுப்போட்டேன்... நெசமாத்தான்.

"ஏங் கண்ணு, அழுகறியா?... சளியா. சரி. சுக்குத்தண்ணி வெச்சுக் குடி. வேண்டாம், சூடு. பால் குடி... என்ன சொல்லோணும்? என்கிட்டயா?... வேண்டாம் சாமி. வேண்டாம். இப்பச் சொல்ல வேண்டாம்... இல்ல, கோவமெல்லாம் இல்ல. என் வாயில நிக்காது கண்ணு, உனக்குத் தெரியாதா? எங்கயாச்சும் சொல்லிப்போடுவேன். நீ பொறவு சொல்லு. எல்லாம் முடிஞ்சு சொல்லு. நான் எங்க போயிரப் போறேன்...

"யாரு? கண்டக்டரு. என்னமோ கத்தறான், இந்தச் சத்தத்துல எனக்குக் காதே கேக்கலை... வெச்சுடறேன். படுத்துக்க. இடது பக்கமாப் படு... சும்மா சொன்னேன். இடுப்பு வலிக்கு நல்லதுன்னு."

வைத்துவிட்டாள்.

அவளுக்குக் கேட்டிருக்குமா அம்மணி? அவர் சூலூர் சூலூர் என்று கத்த ஆரம்பித்ததுமே முந்தானையைச் சுருட்டிப் போனின் மேல் அழுத்திவிட்டேன். ஆனால் இத்தனை சத்தமாகவா ஒரு மனுஷன் கத்துவார்? கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "சரிம்மா, பாத்துப் போ" என்றாள். பாத்து வா என்று சொல்லவில்லை.

கண்டக்டர், இங்கே பாருங்க. சூலூர் டிக்கெட் நான்தானுங்க. ஆமாங்க, இறங்கலைங்க. சிங்காநல்லூருக்கு மிச்சம் எவ்வளவோ எடுத்துக்குங்க. இல்லைங்க, தூங்கலை. முழிச்சுட்டுத்தான் இருந்தேன்.

அவர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். அம்மணி, ஒரு பெட்ரோல் பங்க் வந்ததா இப்போது? அதற்குப் பின்னால் போகிற தெருவில் வீடு என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். பேச்சில் நான் கவனிக்கவில்லை. திரும்பிக் கரூர் பஸ்ஸில் வரும்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அந்தத் தெரு தெரியும்?